பிரெடரிக் அக்பர் மகமது

பிரெடரிக் அக்பர் மகமது (ஏப்ரல் 11, 1849 - நவம்பர் 22, 1884) இந்திய வழிவந்த ஆங்கிலேய மருத்துவர் ஆவார். நாடித்துடிப்பைத் தாளில் வரைந்து காட்டும் நாடிவரைவி என்னும் கருவியை மேம்படுத்தி, அதன் துணையுடன் உயர் இரத்த அழுத்தத்தை ஒரு தனி நோய்நிலையாக அடையாளம் கண்டவர். சிறுநீரக நோயின் விளைவாகவே குருதி அழுத்தம் உயர்கிறது என்று கருதப்பட்ட காலத்தில், நலமுடன் நடமாடும் மனிதர்களிடமும் அழுத்தம் உயர்ந்திருக்கக்கூடும் என்றும், சிறுநீரகமும் இதயமும் அதனாலேயே பின்னர் பழுதடைகின்றன என்றும் இவர் நிறுவினார். தம் இறுதி ஆண்டுகளில், பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் வழியாக நாடு முழுவதுமுள்ள மருத்துவர்களிடமிருந்து ஒரே வகைப் படிவத்தில் நோய்த் தரவுகளைத் திரட்டும் பெருமுயற்சியைத் தொடங்கி வைத்தார். ஒரு நாட்டு மக்களின் இதய நலத்தை அளந்து கண்காணிக்கும் இன்றைய ஆய்வுகளின் முன்னோடிகளுள் ஒருவராக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இவரைக் கருதுகின்றனர். முப்பத்தைந்தாம் வயதில் குடற்காய்ச்சலால் (டைபாய்டு) இறந்தார்.

குடும்பப் பின்னணி

பிரெடரிக் அக்பரின் பாட்டனார் சேக் தீன் மகமது, 1759 ஆம் ஆண்டில் பாட்னாவில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே கிழக்கிந்தியக் கம்பனியின் வங்காளப் படையோடு சேர்ந்துகொண்டார். 1782 இல் படையை விட்டு விலகி, 1784 இல் அயர்லாந்தின் கார்க் நகரை அடைந்து, அங்கேயே ஜேன் டேலி என்னும் அயர்லாந்துப் பெண்ணை மணந்தார். 1794 இல் இவர் வெளியிட்ட பயண நூலே இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூலாகும். 1810 இல் இலண்டனில் இந்திய உணவகம் ஒன்றைத் தொடங்கினார். இலண்டனில் இந்தியர் ஒருவர் நடத்திய முதல் இந்திய உணவகம் அதுவே. அது நீடிக்கவில்லை, இரண்டே ஆண்டுகளில் கடனில் மூழ்கினார். பின்னர் கடற்கரை நகரமான பிரைட்டனுக்குச் சென்று, நீராவிக் குளியலும் இந்திய முறையில் உடல் பிடித்துவிடுதலும் சேர்ந்த குளியல் நிலையம் ஒன்றை நிறுவிப் பெரும் புகழ் பெற்றார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களுக்கும் பணிபுரிந்தார். இன்று தலைமுடி கழுவப் பயன்படும் ஷாம்பு என்னும் சொல், உடல் பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றதாகும். அச்சொல்லை இங்கிலாந்தில் பரவலாக்கியதில் இவருக்குப் பெரும் பங்குண்டு.

தீன் மகமது 1851 பிப்ரவரியில் இறந்தபோது பேரனுக்கு இரண்டு வயது நிறையவில்லை. பிரெடரிக் அக்பரின் தந்தையாரும் பிரெடரிக் என்னும் பெயர் கொண்டவரே; வாள்வீச்சும் உடற்பயிற்சியும் கற்பிக்கும் கூடம் ஒன்றைப் பிரைட்டன் பகுதியில் நடத்தி வந்தார். ஆகவே, மனித உடலைக் கையால் தொட்டுப் பழகிய ஒரு குடும்பத்திலேயே இவர் வளர்ந்தார் எனலாம்.

கல்வி

1867 இல் பிரைட்டனிலுள்ள சசெக்ஸ் கவுண்டி மருத்துவமனையில் மருத்துவப் பயிற்சியைத் தொடங்கிய மகமது, 1869 இல் இலண்டனின் கைஸ் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார். கைஸ் மருத்துவமனை அக்காலத்தில் சிறுநீரக நோய் ஆய்வின் தலைமையிடமாக விளங்கியது. அங்கு பணியாற்றிய ரிச்சர்ட் பிரைட், 1827 இல், உடல் வீக்கம், சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் வெளியேறுதல், இறந்தபின் அறுத்துப் பார்க்கையில் சுருங்கிய சிறுநீரகம் ஆகிய மூன்றையும் தொடர்புபடுத்திக் காட்டியிருந்தார். இத்தொகுதி பிரைட் நோய் என்று பெயர் பெற்றது. இந்நோயாளிகள் பலருக்கு இதயத்தின் இடது கீழறை தடித்துப் பெருத்திருப்பதையும் பிரைட் கவனித்திருந்தார். சிறுநீரகம் கெட்டால் இதயம் ஏன் தடிக்கவேண்டும் என்ற கேள்விக்கு அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு உறுதியான விடை கிடைக்கவில்லை. மகமது படித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் கைஸ் மருத்துவமனையின் வில்லியம் கல் ஒரு பக்கமும், கிங்ஸ் கல்லூரியின் ஜார்ஜ் ஜான்சன் மறுபக்கமுமாக இதுபற்றிக் கடுமையாக வாதிட்டு வந்தனர். இருவரும் சார்ந்திருந்தது பெரும்பாலும் இறந்த உடல்களிலிருந்து எடுத்த திசுக்களையே. உயிருடன் இருக்கும் நோயாளியின் தமனிக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளந்து சொல்ல அவர்களிடம் வழி இல்லை.

நாடிவரைவி

நாடி பார்த்தல் மிகப் பழமையான கலை. நம் சித்த மருத்துவத்தில் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் நடையை அறிவது போலவே, ஐரோப்பிய மருத்துவர்களும் நாடியின் வேகம், வலிமை, இறுக்கம் ஆகியவற்றை விரலால் உணர்ந்து வந்தனர். நாடி கல்லைப் போல் இறுகியிருக்கிறது என்று ஒருவர் உணர்ந்தால், அதை மற்றொருவர் சரிபார்க்க முடியாது. அடுத்த ஆண்டு அதே நோயாளியோடு ஒப்பிடவும் முடியாது. விரல் உணர்ந்தது விரலோடு போய்விடும்.

1850களில் செருமனியின் கார்ல் வீரோர்ட் நாடியைத் தாளில் வரையும் கருவி ஒன்றை அமைத்தார். 1860 இல் பிரான்சின் எத்தியென் ஜூல் மரே அதை எளிதில் கையாளும் அளவுக்குச் சிறிதாக்கினார். மணிக்கட்டுத் தமனியின் மேல் ஒரு வில் அழுந்தியிருக்கும். தமனி எழும்போதும் தாழும்போதும் வில்லோடு இணைந்த நெம்புகோலின் நுனி, புகை படிந்த தாளில் அலைபோன்ற கோட்டை இழுக்கும். இக்கருவியில் ஒரு குறை இருந்தது. வில் எவ்வளவு வலுவாகத் தமனியை அழுத்துகிறது என்பது தெரியாது. வில்லின் அழுத்தம் மாறினால் கோட்டின் வடிவமும் மாறிவிடும். எனவே இரு நோயாளிகளின் கோடுகளை ஒப்பிடுவது பொருளற்றதாக இருந்தது.

மாணவராக இருந்த மகமது இக்குறையைக் களைந்தார். வில்லின் அழுத்தத்தைத் திருகின் மூலம் கூட்டவும் குறைக்கவும் வழிசெய்து, அந்த அழுத்தத்தை அவுன்சு எடையில் காட்டும் அளவுகோல் ஒன்றையும் இணைத்தார். நாடியின் அலை மிகத் தெளிவாகத் தெரிவதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டியிருக்கிறது என்பது இப்போது ஓர் எண்ணாகக் கிடைத்தது. இதற்காக மாணவர் கழகத்தின் பரிசு பெற்ற இவர், 1872 இல் தம் முடிவுகளை மருத்துவ இதழில் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார். அவ்வாண்டே மருத்துவராகத் தகுதி பெற்றார். அப்போது இவருக்கு வயது 23.

மகமதின் கருவி இன்றைய கருவிகளைப் போல மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில் அழுத்தத்தைக் காட்டவில்லை. தமனியை அமுக்கத் தேவைப்படும் எடை, அலையின் வடிவம் ஆகிய இரண்டையும் சேர்த்தே இவர் முடிவு செய்தார். அழுத்தம் மிகுந்த நாடியில், முதல் எழுச்சிக்குப் பின்வரும் இரண்டாம் அலை உயர்ந்தும் நீண்டும் காணப்படும். அதன்பின் வரும் சிறு பள்ளம் மங்கிவிடும். முதியவர்களின் நாடியும் இதே வடிவத்தைக் கொண்டிருப்பதை இவர் கவனித்தார். வயதாகும்போது தமனிகள் விறைப்படைவதால் நாடி அலை மாறுகிறது என்பது பின்வந்த ஆய்வுகளால் உறுதிசெய்யப்பட்ட உண்மையாகும்.

காய்ச்சல் மருத்துவமனையில்

தகுதி பெற்ற பின் ஹைகேட் பகுதியிலிருந்த ஏழைகளுக்கான மருத்துவ நிலையத்திலும், அடுத்து இலண்டன் காய்ச்சல் மருத்துவமனையிலும் மகமது உறைவிட மருத்துவராகப் பணியாற்றினார். காய்ச்சல் மருத்துவமனையில் பெருமளவில் இருந்தவர்கள் செங்காய்ச்சல் கண்ட சிறுவர்கள். இந்நோயில் காய்ச்சல் தணிந்து, பிள்ளை பிழைத்துவிட்டது என்று பெற்றோர் ஆறுதலடையும் வேளையில், இரண்டு மூன்று வாரங்கள் கழித்துச் சிலருக்குச் சிறுநீரக அழற்சி உண்டாகும். முகம் வீங்கும், சிறுநீரில் அல்புமினும் குருதியும் கலந்து வரும். சிலர் இறந்துபோவர். யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டி அறிய வழி இருக்கவில்லை.

மகமது குணமடைந்து வரும் பிள்ளைகளின் நாடியை நாள்தோறும் தம் கருவியால் வரைந்தார், சிறுநீரையும் சோதித்தார். அல்புமின் தோன்றுவதற்கு முன்பே நாடியின் அழுத்தம் ஏறிவிடுகிறது என்பதைக் கண்டார். இந்நிலையை அல்புமினுக்கு முந்தைய நிலை என்று பெயரிட்டு, 1874 இல் கட்டுரையாக வெளியிட்டார். அந்த இடைவெளியில் பேதி மருந்து கொடுத்துக் கவனித்தால் நோய் முற்றாமல் தடுக்கலாம் என்றும் கருதினார். பேதி மருந்தின் பயன் குறித்து இன்று யாரும் அவ்வாறு கூறமாட்டார்கள். ஆயினும், நோய்க்குறி தோன்றுமுன் ஓர் அளவீடு எச்சரிக்கை செய்யும், அந்த எச்சரிக்கையைக் கேட்டுச் செயல்பட்டால் உயிர் பிழைக்கும் என்ற எண்ணம் இங்குதான் முளைவிட்டது.

இதிலிருந்து மற்றொரு கேள்வியும் எழுந்தது. அழுத்தம் முதலில் ஏறி, சிறுநீரகம் பின்னர் கெடுகிறது என்றால், எது காரணம், எது விளைவு?

சிறுநீரகம் கெடாத பிரைட் நோய்

1875 இல் புனித மேரி மருத்துவமனையில் பயிற்றுநராகவும் நோய்க்குறியியலாளராகவும் சேர்ந்த மகமது, 1877 இல் பதிவு மருத்துவராகக் கைஸ் மருத்துவமனைக்கே திரும்பினார். நோயாளிகளின் பதிவுகளைப் பேணுவது பதிவு மருத்துவரின் வேலை. உயிருடன் இருந்தபோது பதிந்த குறிப்புகளையும் இறந்தபின் அறுத்துப் பார்த்த முடிவுகளையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இவ்வேலையால் கிட்டியது. பலர் சலிப்புடன் செய்யக்கூடிய எழுத்தர் வேலை போன்ற இப்பணியை இவர் ஆய்வுக்களமாக்கிக் கொண்டார்.

1879 இல் வெளியான கட்டுரைகளிலும், 1881 இல் கைஸ் மருத்துவமனை அறிக்கைகளில் வெளியான நீண்ட கட்டுரையிலும் இவர் முன்வைத்த கருத்துகளைச் சுருக்கமாகக் கூறலாம். சிறுநீரில் அல்புமின் சிறிதும் இல்லாமலேயே பலருக்கு நாடி அழுத்தம் நிரந்தரமாக உயர்ந்திருக்கிறது. அவர்கள் நோயாளிகளாக மருத்துவமனைக்கு வருவதில்லை. உண்டு உறங்கி வேலை செய்து கொண்டிருக்கின்றனர். அவர்களுள் இளவயதினரும் உண்டு. ஆண்டுகள் செல்லச்செல்ல இந்த அழுத்தத்தைத் தாங்கி இதயத்தின் இடது கீழறை தடிக்கிறது, தமனிகளின் சுவர் கெடுகிறது. இறுதியில் சிலர் இதயம் தளர்ந்தும், சிலர் மூளையில் குருதி கசிந்தும், சிலர் சிறுநீரகம் சுருங்கியும் இறக்கின்றனர். எனவே சிறுநீரகக் கேடு இந்நோயின் தொடக்கமன்று. பல முடிவுகளுள் ஒன்று.

இன்று முதன்மை உயர் இரத்த அழுத்தம் எனப்படும் நோயின் முழு வரலாறும் இதில் அடங்கியிருக்கிறது. ஆனால் மகமது இதற்குப் புதுப்பெயர் சூட்டவில்லை. தம் மருத்துவமனையின் பெரியவரான பிரைட்டின் பெயரையே வைத்துக்கொண்டு, அல்புமின் இல்லாத நாட்பட்ட பிரைட் நோய் என்றே எழுதினார். இது அவருக்கு இழப்பாக முடிந்தது என்றே சொல்லவேண்டும். சிறுநீரக நோயின் பெயரால் அழைக்கப்பட்ட ஒன்றைச் சிறுநீரக நோயன்று என்று பிறர் ஏற்பது எப்படி? 1890களில் கிளிபர்ட் ஆல்பட் இதே நிலைக்கு வேறு பெயர் இட்டார். 1911 இல் செருமானியரான ஃபிராங்க் இட்ட பெயர் நிலைத்தது. கண்டுபிடிப்பின் பெருமையும் பெயரிட்டவர்களைச் சேர்ந்தது.

கேம்பிரிட்ஜும் குடும்பமும்

இலண்டன் மருத்துவமனைகளில் மேல்நிலைப் பதவி பெறப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டியிருந்தது. ஏற்கெனவே பல ஆய்வுகளை வெளியிட்டிருந்த மகமது, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்வில் அண்ட் கீஸ் கல்லூரியில் இளநிலை மாணவராகச் சேர்ந்தார். இலண்டனில் வேலையை விடாமல், கேம்பிரிட்ஜுக்கு இரயிலில் சென்றுவந்து கல்லூரியில் தங்கவேண்டிய நாட்களை நிறைவு செய்தார். 1880 இல் அரச மருத்துவர் கல்லூரியின் உயர்நிலை உறுப்பினரானார். 1881 இல் கேம்பிரிட்ஜ் பட்டமும் கைஸ் மருத்துவமனையின் துணை மருத்துவர் பதவியும் கிடைத்தன. மாணவர்களுக்கு நடுவே இளநிலைப் பட்டத்துக்காக அமர்ந்திருந்தவர் அவர்களது பாடநூலையே மாற்றி எழுத வேண்டிய செய்தியைக் கையில் வைத்திருந்தார் என்பது விந்தையே.

1873 இல் எல்லன் சாக் என்பவரை மணந்தார். மகப்பேற்றுக்குப் பின் ஏற்பட்ட நச்சுக் காய்ச்சலால் எல்லன் இளவயதிலேயே இறந்தார். பின்னர் எல்லனின் தங்கை அடாவை மகமது மணம் செய்துகொண்டார். இறந்த மனைவியின் உடன்பிறந்தாளை மணப்பது நம் ஊரில் இயல்பான ஒன்று. அன்றைய இங்கிலாந்துச் சட்டமோ அதைத் தடை செய்திருந்தது. 1907 வரை அத்தடை நீடித்தது. ஆகவே இவர்கள் திருமணம் சுவிட்சர்லாந்தில் நடந்தது.

நாடு தழுவிய கூட்டாய்வு

உயர் அழுத்தம் நலமாக இருப்பவர்களிடம் மறைந்திருக்கிறது என்றால், மருத்துவமனைப் படுக்கைகளில் அதைத் தேடிப் பயனில்லை. மருத்துவமனைக்கு வருபவர் நோயின் கடைசிக் காட்சியில் வருபவர். தொடக்கக் காட்சிகளைப் பார்ப்பவர்கள் ஊர்தோறும் உள்ள குடும்ப மருத்துவர்களே. பாட்டன், தந்தை, பேரன் என ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளையும் அறிந்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் அறிந்தவை அவர்களோடே மறைந்தன. விரல் உணர்ந்த நாடிக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேர்ந்தது.

இந்த அறிவைத் திரட்ட, பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவரையும் பயன்படுத்தலாம் என்னும் திட்டத்தை மகமது முன்வைத்தார். 1880 இல் கேம்பிரிட்ஜில் நடந்த சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அதன் தலைவரான பேராசிரியர் ஜார்ஜ் ஹம்ப்ரி இவ்வெண்ணத்தை ஆதரித்துப் பேசினார். தொடர்ந்து கூட்டாய்வுக் குழு அமைக்கப்பட்டது. ஹம்ப்ரி தலைவராகவும் மகமது செயலாளராகவும் பொறுப்பேற்றனர். மூத்தவரான வில்லியம் கல்லும் துணைநின்றார்.

குழுவின் செயல்முறை எளிமையானது. ஒவ்வொரு நோய்க்கும் கேள்விகள் அச்சிட்ட அட்டை ஒன்று. நோயாளியின் வயது, பால், தொழில், குடும்ப வரலாறு, நோய் தொடங்கிய விதம், போக்கு, முடிவு ஆகியவற்றை அட்டையில் நிரப்பி அனுப்பவேண்டும். அட்டையுடன், எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று விளக்கும் குறிப்பும் சேர்த்து அனுப்பப்பட்டது. ஊர்தோறும் கிளைக்குழுக்கள் அமைக்கப்பட்டு, நிரப்பிய அட்டைகள் நடுவண் குழுவுக்கு வந்து சேர்ந்தன. தரவுத்தளங்களோடு பழகியவர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். ஆயிரம் பேர் ஆயிரம் விதமாக எழுதிய குறிப்புகளைக் கூட்டிக் கழிக்க முடியாது. ஒரே புலங்களை ஒரே பொருளில் அனைவரும் நிரப்பினால்தான் எண்ண முடியும். கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, தரவுச் சீர்தரம் என்று இன்று நாம் சொல்வதை அஞ்சலட்டை வழியாக நடைமுறைப்படுத்த இவர்கள் முயன்றனர்.

கூட்டாய்வுப் பதிவேட்டின் முதல் தொகுதி 1883 இல் வெளியானது. நுரையீரல் அழற்சி, காசநோய் தொற்றும் தன்மை, தொண்டை அடைப்பான், மூட்டுவாதக் காய்ச்சல் எனப்படும் ருமாட்டிக் காய்ச்சல், அதனோடு தொடர்புடைய கொரியா என்னும் நடுக்க நோய் ஆகியவை முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டவற்றுள் அடங்கும். இவற்றுள் கடைசி இரண்டும் இதய நலத்தோடு நேரடியாகத் தொடர்புடையவை. சிறுவயதில் மூட்டுவாதக் காய்ச்சல் கண்டவர்களின் இதய அடைப்பிதழ்கள் சிதைந்துபோவது அன்றைய இங்கிலாந்தில் இதய நோய்க்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இருந்தது. இந்தியாவில் ஏழைக் குடும்பத்துச் சிறாரை இந்நோய் இன்னும் விட்டபாடில்லை. உயர் இரத்த அழுத்தம் அட்டைகளின் பட்டியலில் இடம்பெறவில்லை. நாடிவரைவி எல்லா மருத்துவரிடமும் இல்லாத நிலையில் அது இயலக்கூடியதும் அன்று.

நலமாக இருப்பவர்களையும் பதிவுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற மகமதின் விருப்பம் வேறொரு வடிவில் நிறைவேறியது. குழுவின் சார்பில், பிரான்சிஸ் கால்ட்டனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பேடு ஒன்று 1884 இல் வெளியிடப்பட்டது. பிள்ளை பிறந்தது முதல் உயரம், எடை, பார்வை, கண்ட நோய்கள், ஒளிப்படம் ஆகியவற்றைப் பெற்றோரும், பின்னர் அப்பிள்ளையே வளர்ந்தும் வாழ்நாள் முழுவதும் பதிந்துவர அதில் பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன.

கால்ட்டனோடு மகமது செய்த மற்றோர் ஆய்வும் இங்கு கூறத்தக்கது. காசநோய் வருபவர்களுக்கென்று தனி முகவெட்டு உண்டு என்று மருத்துவர்களும் பொதுமக்களும் நம்பி வந்தனர். இதைச் சோதிக்க 442 காசநோயாளிகளை ஒளிப்படம் எடுத்து, படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துச் சராசரி முகங்களை உருவாக்கினர். பிற நோயாளிகளின் முகங்களோடு ஒப்பிட்டனர். அப்படி ஒரு தனி முகவெட்டு இல்லை என்பதே 1882 இல் வெளியான முடிவு. மனித இன மேம்பாடு என்ற பெயரில் கால்ட்டன் பரப்பிய கொள்கைகள் பின்னாளில் பெருங்கேடுகளுக்கு வித்திட்டன என்பதை அறிந்த நமக்கு, முகத்தைப் பார்த்து மனிதரைத் தரம்பிரிக்கும் நம்பிக்கை ஒன்றை அவரே பங்கேற்ற ஆய்வு பொய்யாக்கியது வியப்பளிக்கிறது.

இவை தவிர, 1883 இல் மகமதின் பரிந்துரையின்பேரில் சார்ட்டர்ஸ் சைமண்ட்ஸ் என்னும் அறுவை மருத்துவர், குடல்வால் அழற்சி தணிந்திருந்த வேளையில் அறுவை செய்து, குடல்வாலில் இருந்த கல்லை அகற்றினார். நோய் வெடிக்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே செய்த இவ்வகை அறுவைகளுள் இது மிகத் தொடக்ககாலத்தது.

இறப்பு

1884 ஆகஸ்டில் கோபன்ஹேகனில் கூடிய எட்டாவது அனைத்துலக மருத்துவ மாநாட்டில், கூட்டாய்வைப் பல நாடுகளுக்கும் விரிவாக்க வேண்டும் என்று வில்லியம் கல் உரையாற்றினார். திட்டம் இங்கிலாந்தைத் தாண்டிச் செல்லும் நேரம் அது. சில வாரங்களில் மகமதைக் குடற்காய்ச்சல் பற்றியது. காய்ச்சல் மருத்துவமனையில் நோயாளி ஒருவரிடமிருந்து இந்நோய் தொற்றியதாகக் கூறப்படுகிறது. நவம்பர் 22, 1884 அன்று இறந்தார். உடல் ஹைகேட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. மனைவியும் சிறு பிள்ளைகளும் ஆதரவின்றி நின்றதால், உடன்பணியாற்றிய மருத்துவர்கள் நிதி திரட்டி உதவினர்.

கூட்டாய்வுக் குழு இவருக்குப் பின்னும் சில ஆண்டுகள் இயங்கியது. கொரியா பற்றிய அறிக்கை 1887 இலும், மூட்டுவாதக் காய்ச்சல் பற்றிய அறிக்கை 1888 இலும் வெளியாயின. இசாம்பார்ட் ஓவன், இந்நோய்கள் நாட்டின் எப்பகுதிகளில் மிகுந்துள்ளன என்று காட்டும் ஆய்வை 1889 இல் வெளியிட்டார். அதன்பின் முயற்சி ஓய்ந்துவிட்டது. ஊதியமின்றி அட்டை நிரப்பிய மருத்துவர்களின் ஆர்வம் குறைந்ததும், அவர்களைத் தொடர்ந்து ஊக்கிவந்த செயலாளர் இல்லாமற் போனதும் காரணங்களாகலாம்.

பிற்காலம்

1896 இல் இத்தாலியின் ரீவா-ரொச்சி புயத்தில் கட்டும் காற்றுப்பட்டையை அறிமுகம் செய்தார். 1905 இல் உருசியாவின் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே தமனியில் எழும் ஒலியைக் கேட்டு இருவகை அழுத்தங்களையும் அளக்கும் முறையைக் கண்டார். அளப்பது எளிதானது, நாடிவரைவிகள் அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. அலையின் வடிவத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, இரண்டு எண்களை மட்டும் மருத்துவர்கள் குறித்துக்கொள்ளத் தொடங்கினர். மகமதின் பெயரும் இதனோடு மங்கியது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், நாடி அலைகளை மின்னணுக் கருவிகளால் ஆராய்ந்துவந்த ஆஸ்திரேலிய இதயநோய் மருத்துவர் மைக்கேல் ஓ'ரூர்க், 1992 இல் மகமதின் வாழ்வையும் பணியையும் பற்றி விரிவாக எழுதினார். தமனியின் விறைப்பைக் கணிக்க இன்று பயன்படும் கருவிகள் மணிக்கட்டில் வரையும் அலையும், 1872 இல் மகமது புகைத்தாளில் வரைந்த அலையும் ஒன்றே.

நலமாக இருப்பவர்களை அளந்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வு 1948 இல் அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் 5,209 பேருடன் தொடங்கியது. உயர் இரத்த அழுத்தம் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் முன்னோடி என்பது அதன்வழி எண்களால் உறுதியானது.

இந்தியாவில் நாடு தழுவிய முறையில் வீடுகளுக்கே சென்று குருதி அழுத்தம் அளக்கும் பணி, 2015-16 இல் நடந்த நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வில்தான் சேர்க்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு 2008 இல் தமிழ்நாடு உள்ளிட்ட சில பகுதிகளில் தொடங்கி, படிப்படியாக எல்லா மாநிலங்களுக்கும் விரிந்தது. 2023 இல் வெளியான அதன் முடிவுகளின்படி, வயது வந்த இந்தியர்களில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது. ஆகஸ்ட் 5, 2021 இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் நலத் தன்னார்வலர்கள் கையடக்க அளவிகளுடன் வீடுவீடாகச் சென்று அழுத்தத்தை அளந்து, மாத்திரைகளையும் வழங்கினர். மதுரை மாவட்டத்தின் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிச் சிற்றூர்களிலும், வயலுக்குப் போகுமுன் திண்ணையில் அமர்ந்து கையை நீட்டிய பலருக்குத் தமக்கு அழுத்தம் இருப்பது அன்றுதான் தெரியவந்தது.